பிரிண்டருக்காக வேலையை விட்டவர் சோற்றுக்கு என்ன செய்தார்?

குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எந்நேரமும் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளரின் பேச்சுதானாம். "ஏதோ பிரிண்டர் கெட்டுப்போன கோபத்தில் வேலையை விட்டாராம், எழுதிய சாப்ட்வேரையெல்லாம் இலவசமாகக் கொடுத்தாராம், ஓப்பன் சோர்ஸின் தந்தையாம். எல்லாம் சரி, சோத்துக்கு என்ன செய்தார்? இவளும் அந்த வழியில்தான் போவாளாம். அதற்கு 70,000 ரூபாய்க்கு லேப்டாப் வேண்டுமாம்." இவ்வளவுதான் கேள்வி. வெட்டுக்கூலியும் ஷீட் விலையும் பார்த்துப் பழகியவர் இப்படிக் கேட்டால், பிள்ளை பிழைத்துக்கொள்வாளா என்றுதான் கேட்கிறார். அப்படி எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன் அண்ணாச்சி. கொஞ்சம் நீளும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் 1998 முதல் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். அச்சகங்கள், பள்ளிகள், இரண்டு மூன்று கூட்டுறவுச் சங்கங்கள். லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டும் இயங்குதளம்) போட்டுக் கொடுப்பது, பழைய ஃபைல்களை மீட்டுக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. ஸ்டால்மனை நேரில் பார்த்ததில்லை. பார்த்திருக்கலாம். 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைக்க அவர் திருவனந்தபுரம் வந்தார். வடசேரியில் பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரம். அன்றைக்கு ஒரு பள்ளியில் பத்து மானிட்டர் ரிப்பேருக்குக் கிடந்தது, நான் போகவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் யார் என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது.

இனி பிரிண்டர் கதை. நம்ம ஊர்க்காரருக்கு இது எளிதில் விளங்கும். வர்ம ஆசான்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டுப் போனால் ஆசான் எண்ணெய் தருவார், கஷாயம் தருவார். அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது ஏட்டில் இருக்கும். ஏட்டை நமக்குக் காட்டமாட்டார், சீடன் ஒருவனுக்கு மட்டும், அதுவும் பல வருஷம் கூட இருந்த பிறகு. சாப்ட்வேரும் இப்படித்தான். நாம் கடையில் வாங்குவது எண்ணெய்க் குப்பி. மனிதன் படித்துப் புரிந்துகொண்டு திருத்தக்கூடிய வடிவம் ஒன்று உண்டு, அதை மூல நிரல் என்கிறோம், சோர்ஸ் கோடு. அதுதான் ஏடு. ஏடு கையில் இல்லாவிட்டால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்டால்மன் 1953 மார்ச் 16 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோதே, 1971இல், பக்கத்தில் இருந்த எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். அந்த ஆய்வகத்தில் ஏடு எல்லோருக்கும் திறந்துதான் கிடந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துத் திருத்துவார், யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அங்கே இருந்த பழைய பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். இயந்திரத்தின் கோளாறை அவரால் சரிசெய்ய முடியவில்லை, ஆனால் நிரல் கையில் இருந்தது. காகிதம் சிக்கினால் அச்சுக்குக் கொடுத்துக் காத்திருக்கிறவர்களின் திரையில் உடனே ஒரு செய்தி வரும்படி செய்தார். யாராவது எழுந்துபோய் எடுத்துவிடுவார்கள். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு புது லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. வேகமானது, ஆனால் நிரல் வரவில்லை. அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் நாலு பக்கம் அடித்துவிட்டு, சிக்கிய காகிதத்தோடு அது நின்றுகொண்டிருக்கும். பழைய வித்தையை இதில் செய்ய முடியாது, ஏடு இல்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்த நிரல் இருப்பது தெரிந்தது. வேறு வேலையாக அந்தப் பக்கம் போன ஸ்டால்மன் அவர் அறைக்கே போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார் அந்த ஆள். ஒன்றும் பேசத் தோன்றாமல் திரும்பி வந்துவிட்டேன் என்று ஸ்டால்மன் தன் உரைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இதுவரை நடந்ததை அவர் வாய்மொழியாகவே நம்பலாம். பிரிண்டரின் மாடல் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறி வருகிறது, அது முக்கியமில்லை.

ஆனால் கதையில் இரண்டு இடம் ஊதிப் பெருத்துவிட்டது. பிரிண்டர் கெட்டுப்போகவில்லை, காகிதம்தான் சிக்கியது. அந்தக் கோபத்தில் அவர் வேலையையும் விடவில்லை. பிரிண்டர் சம்பவம் 1980ஐ ஒட்டி நடந்தது, அவர் ராஜினாமா செய்தது 1984 ஜனவரியில். நடுவில் நடந்ததுதான் அவரை உலுக்கியது. ஆய்வகத்தில் உருவான லிஸ்ப் மெஷின் என்ற கம்ப்யூட்டரை வைத்து இரண்டு கம்பெனிகள் முளைத்தன. பெரிய கம்பெனியான சிம்பாலிக்ஸ் ஆய்வகத்தின் ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கூடிக் குடித்தனம் நடத்திய வீட்டில் ஸ்டால்மன் ஒற்றை ஆளாக நின்றார். அவர் செய்த பதிலடியைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். சிம்பாலிக்ஸ் ஆட்கள் சேர்த்த ஒவ்வொரு புது வசதியையும் 1982, 1983 இரண்டு வருஷமும் இவர் தனியாளாக உட்கார்ந்து திரும்ப எழுதி, போட்டிக் கம்பெனிக்குக் கொடுத்தார். அதற்குள் ஆய்வகத்தின் பழைய கம்ப்யூட்டரான பி.டி.பி.-10 வகையையே தயாரிப்பாளர் கைவிட்டுவிட்டார். அவர் வாழ்ந்த உலகம் மொத்தமும் தீர்ந்தது.

அந்த நிலையில்தான் 1983 செப்டம்பர் 27 அன்று, யூனிக்ஸ் போன்ற ஒரு முழு இயங்குதளத்தை எல்லோருக்கும் உரியதாக எழுதப்போகிறேன் என்று அறிவித்தார். பெயர் குனு. வேலையை விட்டதற்குக் காரணம் கோபமே இல்லை, வக்கீல் மூளை. சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினால் நிரல் எங்களுடையது என்று எம்.ஐ.டி. உரிமை கோரலாம் என்பதால் சம்பளத்தை விட்டார். இன்னொன்றும் நடந்தது, இதை உங்கள் மகள் சொல்லியிருக்கமாட்டாள். வேலையை விட்ட பிறகும் அந்த அறையையும் கம்ப்யூட்டரையும் பயன்படுத்திக்கொள்ள ஆய்வகத்தின் தலைவர் பேட்ரிக் வின்ஸ்டன் அனுமதித்தார். ஆக நடுத்தெருவுக்கு வந்துவிட்டு அவர் தொடங்கவில்லை. கூரையும் மின்சாரமும் இருந்தன.

சோற்றுக் கணக்குக்கு வருகிறேன். வேலையை விட்ட அதே வருஷம் செப்டம்பரில் நிரல் எழுதப் பயன்படும் ஈமேக்ஸ் என்ற எடிட்டரைப் புதிதாக எழுதத் தொடங்கினார், 1985 தொடக்கத்தில் அது பயன்படும் நிலைக்கு வந்தது. நெட்வொர்க்கில் இருந்தவர்கள் சும்மா எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நெட்வொர்க் யாரிடம் இருந்தது? பெரும்பாலானவர்களுக்கு அது கைக்கெட்டாத காலம். அவர்களுக்கு காந்த நாடாவில் பதிந்து 150 டாலர் வாங்கிக்கொண்டு அனுப்பினார். அதே சாப்ட்வேர்தான். ஒருவருக்குச் சும்மா, இன்னொருவருக்கு 150 டாலர். இரண்டிலும் ஏடு கூடவே வரும், திருத்தலாம், ஊருக்கெல்லாம் பகிரலாம். வாங்கியவர் நூறு பிரதி போட்டு விற்றாலும் தப்பில்லை. அந்த வருஷம் அக்டோபரில் அவரே தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வந்த பிறகு நாடா விற்பனையை அதற்கே விட்டுவிட்டார். அறக்கட்டளையில் இவர் சம்பளம் வாங்கியதில்லை. கேட்கிறவர்களுக்குத் தகுந்தபடி நிரலைத் திருத்திக் கொடுப்பது, சொல்லிக்கொடுப்பது என்று கூலிக்கு வேலை செய்தார். பிறகு உரைகளுக்குப் பணம் கிடைத்தது. 1990இல் மெக்ஆர்தர் நிதியுதவியாக 2,40,000 டாலர் வந்தது. அன்றைய கணக்கில் அது பெரிய தொகை.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள், அதைத்தான் ரசிகர்கள் விட்டுவிடுவார்கள். வருஷக்கணக்கில் அவர் ஆய்வகத்து அறையிலேயே படுத்துத் தூங்கினார். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, வீட்டுக்கடன் இல்லை. மாணவனைப் போலவே சிக்கனமாக இருந்துவிட்டால் யாரும் என்னை வளைக்க முடியாது என்பது அவர் வழி. ஒட்டுப்பால் விற்ற காசிலேயே வீட்டை ஓட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னால், உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று முதலில் கேட்கமாட்டீர்களா? அப்படித்தான் இதுவும். அவர் எழுதியதை உங்கள் மகள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். வாழ்ந்த விதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன்.

'இலவசம்' என்ற சொல்லையும் இங்கேயே தள்ளிவைத்துவிடலாம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த வினை இது. ஸ்டால்மன் நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது, கட்டற்ற மென்பொருள் என்று சொன்னால் ஆயிற்று. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ஸ்வதந்த்ர சாப்ட்வேர் என்பார்கள், அதுவும் தெளிவுதான். என் வாடிக்கையாளர்கள் மட்டும் இன்றைக்கும் 'ஓசி சாப்ட்வேர்' என்றுதான் சொல்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கும் அலுத்துவிட்டது.

எனக்கு இதெல்லாம் உறைத்தது குளச்சலில் ஒரு சின்ன அச்சகத்தில். கல்யாணப் பத்திரிகை, இரங்கல் நோட்டீஸ், ஒரு தேவாலயப் பங்கின் மாத இதழ், இவைதான் அவர்களுக்கு வேலை. தமிழ் அச்சுக்கோப்புக்கு ஒரு சாப்ட்வேரை நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். அது ஓட வேண்டுமானால் பிரிண்டர் ஒயர் மாட்டும் இடத்தில் ஒரு சின்னக் கட்டையைச் செருக வேண்டும். டாங்கிள். அச்சகத்தில் அதற்குப் பூட்டு என்று பெயர். கடற்கரைக் காற்று யாரை விட்டது? ஒருநாள் கழற்றிப் பார்த்தால் ஊசிகளில் பச்சைக் களிம்பு. துடைத்தேன், உரசினேன், ஸ்பிரே அடித்தேன். 'பூட்டு இல்லை' என்று ஒரே வரியைத் திரையில் காட்டிவிட்டு நின்றது. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை, கடையை மூடிப் போய்விட்டார்கள். பதினோரு வருஷத்து மாத இதழ்கள் ஹார்டுடிஸ்கில் இருக்கின்றன. எழுதியது இவர்கள், தட்டச்சு செய்தது இவர்கள் வீட்டுப் பெண், கம்ப்யூட்டரும் இவர்களுடையது. ஆனால் படிக்க முடியாது.

எழுத்துரு இன்னொரு பூட்டு. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண் வரிசையான யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு எண் போட்டு அடுக்கியிருந்தது. அந்த அட்டவணை எங்கும் கிடையாது. அச்சான இதழை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, ஃபைலின் பைட்டுகளை வலப்பக்கத் திரையில் வைத்துக்கொண்டு, எந்த எண் எந்த எழுத்து என்று நானே கண்டுபிடித்தேன். 'கொ' என்று எழுதியிருந்தால் ஃபைலில் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். கொம்பைப் பிடித்து ஓர் எழுத்தைத் தாண்டி வைக்க வேண்டும். 'கெ' வரும் இடத்தில் ஒரு மாதிரி, 'கொ' வரும் இடத்தில் ஒரு மாதிரி, 'கௌ' வந்தால் தலைவலி. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகப் போயிற்று. பைத்தான் என்ற கட்டற்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதி முடித்தேன். ஒன்பது வருஷத்து இதழ்கள் மீண்டன. இரண்டு வருஷத்து ஃபைல்களின் உள்ளமைப்பே வேறாக இருந்தது, அவை போனது போனதுதான். பைத்தானுக்கும், பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டருக்கும் நான் யாரிடமும் பூட்டு வாங்கவில்லை. அந்த வேலைக்கு அச்சகம் எனக்குக் கூலி கொடுத்தது. சோற்றுக் கேள்விக்கு என் பக்கத்துப் பதிலும் அதுதான்: சாப்ட்வேருக்குப் பணம் வாங்கவில்லை, வேலைக்கு வாங்கினேன்.

ஸ்டால்மன் செய்ததில் பெரியது சாப்ட்வேரைவிட ஒரு பத்திரம் என்பேன். சட்டம் என் துறையில்லை, விளங்கிய அளவுக்குச் சொல்கிறேன். உங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் தன் புரையிடத்தின் ஓரமாக ஊராருக்கு நடைவழி விடுகிறார் என்று வையுங்கள். வாயால் சொன்னால் அவர் காலம் வரைக்கும்தான். அடுத்து வாங்குபவன் மதில் கட்டிவிடுவான். 'இந்த நிலம் யார் கைக்குப் போனாலும் இந்த வழியை அடைக்கக்கூடாது' என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தால்? ஸ்டால்மன் அதைத்தான் செய்தார். பதிப்புரிமையைக் கைவிடவில்லை, கையில் வைத்துக்கொண்டே நிபந்தனை போட்டார். எடுத்துக்கொள், திருத்து, விற்கவும் செய், ஆனால் அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது ஏட்டையும் இதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் ஜி.பி.எல். உரிமம். முதல் பதிப்பு 1989, இரண்டாவது 1991, மூன்றாவது 2007. பூட்டுவதற்கென்று செய்த சட்டத்தை வைத்தே பூட்டைத் தடுத்த வித்தை இது. வேலை செய்ததா என்றால், செய்தது. லிங்க்சிஸ் கம்பெனி தன் வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸை வைத்து விற்றது. உரிமத்தைக் காட்டிக் கேட்டதும் 2003இல் மூல நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் இயங்குதளமே பிறந்தது. என் கடையிலும் அதுதான் ஓடுகிறது.

'ஓப்பன் சோர்ஸின் தந்தை' என்ற பட்டத்தை மட்டும் அவர் காதில் போட்டுவிடாதீர்கள், சண்டைக்கு வருவார். அந்தச் சொல்லே 1998 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் வந்தது. கிறிஸ்டீன் பீட்டர்சன் முன்வைத்தார், எரிக் ரேமண்ட், புரூஸ் பெரன்ஸ் முதலியோர் பரப்பினார்கள். சுதந்திரம், நியாயம் என்று பேசினால் கம்பெனிக்காரர்கள் மிரளுகிறார்கள், நல்ல சாப்ட்வேர் எழுத இது நல்ல முறை என்று சொல்லுவோம் என்பது அவர்கள் எண்ணம். நியாயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்பது ஸ்டால்மனின் பதில். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. கடை நடத்துகிறவன் என்பதால் முதல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே புரிகிறது.

இன்னொரு திருத்தம். குனு இயங்குதளத்தில் கம்பைலர் (மூல நிரலைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது), எடிட்டர் என்று பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் இருந்து இயந்திரத்தோடு நேரடியாகப் பேச வேண்டிய கெர்னல் மட்டும் வரவே இல்லை. ஹர்ட் என்று 1990இல் தொடங்கினார்கள், இழுத்துக்கொண்டே போயிற்று. ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஒன்று எழுதுகிறேன், குனு மாதிரிப் பெரிதாக வராது என்ற பொருளில் 1991 ஆகஸ்ட் 25 அன்று எழுதினார். அதுதான் லினக்ஸ். அதைக் கம்பைல் செய்தது ஸ்டால்மனின் ஜி.சி.சி. என்ற கம்பைலரில். முதலில் வியாபாரத்துக்குக் கூடாது என்று உரிமம் வைத்திருந்தவர் 1992இல் ஜி.பி.எல்.லுக்கு மாறினார். இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது அந்தக் கெர்னல். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து அதில்தான் ஓடுகின்றன. டோர்வால்ட்ஸ் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை. 1997இலிருந்து டிரான்ஸ்மெட்டா கம்பெனியில் சம்பளம், பிறகு லினக்ஸ் வளர்ச்சிக்கென்றே அமைந்த அமைப்பில் சம்பளம். வீடு, மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். உங்கள் கணக்குக்கு ஸ்டால்மனைவிட இவர்தான் பொருத்தம்.

ஆனால் எல்லோரும் டோர்வால்ட்ஸ் ஆகிவிடுவதில்லை. வெர்னர் கோக் என்ற ஜெர்மன்காரரின் கதையை உங்கள் மகள் கட்டாயம் படிக்க வேண்டும். 1997இல் ஜெர்மனியில் ஸ்டால்மனின் பேச்சைக் கேட்டார். அமெரிக்காவின் ஏற்றுமதித் தடை எங்களைக் கட்டிப்போடுகிறது, மின்னஞ்சலைப் பிறர் படிக்காதபடி மறைகுறியாக்கும் கருவியை நீங்கள் எழுதுங்கள் என்றார் ஸ்டால்மன். கோக் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தார். அதுதான் ஜி.என்.யூ.பி.ஜி. பத்திரிகையாளர்களும், ஏராளமான லினக்ஸ் சர்வர்களும் அதை நம்பி இருக்கின்றன. எழுதியவருக்கு 2001இலிருந்து வருஷத்துக்குச் சராசரியாக 25,000 டாலர் அளவுக்குத்தான் தேறியது. மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள். 2013இல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். 2015 பிப்ரவரியில், அவர் நிலைமையை ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. ஒரே நாளில் நன்கொடை குவிந்தது. பேஸ்புக்கும், பணப் பரிமாற்றக் கம்பெனியான ஸ்டிரைப்பும் வருஷத்துக்குத் தலா 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் கழித்து.

அதற்கு முந்தைய வருஷம் இணையத்தில் போகும் தகவலை மறைகுறியாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற கட்டற்ற நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. வங்கிகள் முதல் கடைகள் வரை பயன்படுத்திய அந்த நிரலுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். ஊர் முழுக்க அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும், தூர்வார ஒருவரும் வரமாட்டார்கள். இது இன்னும் முழுதாகத் தீராத பிரச்சினை. தீர்ந்துவிட்டது என்று யாராவது மேடையில் சொன்னால் உங்கள் மகள் நம்ப வேண்டாம்.

மறுபக்கமும் பொய்யில்லை. ஜி.சி.சி.யைத் திருத்திக் கொடுப்பதையே தொழிலாக்கி 1989இல் சிக்னஸ் என்ற கம்பெனி வந்தது, நன்றாகவே சம்பாதித்தது. அதை வாங்கிய ரெட் ஹேட் கம்பெனியை 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ஏடு எல்லோருக்கும் திறந்து கிடக்கும்போது அதற்கு எப்படி இவ்வளவு விலை என்று கேட்டால், ஏட்டை வாசிக்கத் தெரிந்த ஆசான்களுக்குக் கொடுத்த விலை அது. லினக்ஸ் கெர்னலில் இன்று வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் செய்கிறார்கள்.

பெண் பிள்ளையின் அப்பா கேட்கிறீர்கள் என்பதால் ஒன்றை மறைக்கக்கூடாது. பாலியல் குற்றச்சாட்டு ஒன்று தொடர்பாக ஸ்டால்மன் அனுப்பிய மின்னஞ்சல்கள் 2019 செப்டம்பரில் வெளியாகி, கடும் எதிர்ப்பு வந்தது. பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிய பழைய புகார்களும் கூடவே பேசப்பட்டன. எம்.ஐ.டி.யில் வைத்திருந்த வருகை ஆய்வாளர் பொறுப்பிலிருந்தும், தானே தொடங்கிய அறக்கட்டளையின் தலைவர் பதவியிலிருந்தும் விலகினார். 2021 மார்ச்சில் அறக்கட்டளையின் குழுவுக்குத் திரும்பினார், அதற்கும் எதிர்ப்பு. ரெட் ஹேட் அறக்கட்டளைக்குக் கொடுத்துவந்த நிதியை நிறுத்தியது. தனக்குப் புற்றுநோய் வந்திருப்பதாக 2023 செப்டம்பரில், குனுவின் நாற்பதாண்டு விழா மேடையில் சொன்னார். ஆளைக் கும்பிட வேண்டிய அவசியம் இல்லாமலே அந்தப் பத்திரத்தைப் பயன்படுத்தலாம். உங்கள் மகளுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும், நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம ஊர் நிலவரம். பாறசாலையில் படிக்கும் பிள்ளை பத்தாம் வகுப்பிலேயே பள்ளி லேபில் குனு லினக்ஸில் உட்கார்ந்துவிடும், கேரள அரசின் ஏற்பாடு அது. நம்ம பக்கத்தில் 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப்களிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் போட்டுத்தான் வந்தது, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு செய்தது. கடைக்கு வந்த பிள்ளைகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், இதை அழிச்சிருங்க, இடம் அடைக்கு." அழித்துக் கொடுத்திருக்கிறேன், என்ன செய்ய. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் ஏடு மட்டும் இருந்து என்ன.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது: படிப்பை விட வேண்டாம், வேலைக்குப் போவதையும் தள்ளிப்போட வேண்டாம். இப்போதே ஏதாவது ஒரு கட்டற்ற திட்டத்தில் சின்னப் பிழை ஒன்றைத் திருத்தி அனுப்பட்டும். முதல் தடவை திருப்பி அனுப்புவார்கள், காரணமும் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துத் திருத்தி மறுபடி அனுப்பட்டும். அப்படி ஐந்தாறு ஏற்கப்பட்டால் போதும். அவள் பெயரோடும் தேதியோடும் உலகம் முழுக்கப் பார்க்கும்படி அது கிடக்கும், சான்றிதழைவிட வேலைக்கு எடுப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள். கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்று 2005 முதல் ஒரு திட்டம் நடக்கிறது, இப்படிப்பட்ட வேலைக்கு உதவித்தொகை தருவார்கள். பெண்களை மனதில் வைத்துத் தொடங்கிய அவுட்ரீச்சி என்ற திட்டமும் உண்டு. இரண்டுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், குலசேகரத்தில் ஃபைபர் இணைப்பு இருந்தால் போதும்.

லேப்டாப் விஷயம்: 70,000 வேண்டாம். ஸ்டால்மனே பல வருஷம் பழைய திங்க்பேடில்தான் வேலை பார்த்தார். கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், 70,000ஐவிட வெகு குறைவாகவே ஆகும். வாங்கும்போது கீபோர்டில் எல்லா விசையையும் அடித்துப் பாருங்கள், மூடியின் கீல் ஆடுகிறதா பாருங்கள், பேட்டரி எப்படியும் போயிருக்கும், அதற்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். எட்டு ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இருந்தால் தாராளம். டெபியன் என்ற லினக்ஸை அவளே போட்டுக்கொள்ளட்டும். வைஃபை ஓடவில்லை என்றால் முதல் இரண்டு நாள் திணறுவாள், நீங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.